கடைசியாக ஏறியவர்தான் கனமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாரைப் பற்றியும் புறம் பேசுகிறவள் இல்லை. என் வீடு தரைத்தளத்தில். வாசலுக்கு நேர் எதிரே லிஃப்ட். காலையில் காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருகிறேன். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்து ஆட்கள் வெளியே வந்தால், கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்? பார்த்ததை மனதுக்குள்ளேயே பூட்டி வைத்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். அதனால் ஒருவரிடம் சொல்வேன். மிஞ்சிப்போனால் இரண்டு பேரிடம்.

எங்கள் கட்டடம் ஏழு மாடி. காலை எட்டுப் பத்துக்கு இறங்கும் லிஃப்டுக்கு நிரந்தர உறுப்பினர்கள் ஐந்து பேர். ஏழாம் மாடியில் பஸ் டிரைவர் அண்ணன் ஏறுவார். நல்ல ஆகிருதி, சிரித்தால் சட்டைப் பொத்தானும் சேர்ந்து சிரிக்கும். ஆறாம் மாடியில் கணக்கு சார். இவர் குடை மாதிரி. விரித்தாலும் மடித்தாலும் ஒல்லி. ஐந்தாம் மாடியில் பேக்கரி அக்கா. விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, மறுபடி கடைக்குக் கிளம்புகிற நேரம் அது. நான்காம் மாடியில் பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பார், தன் வாயை மட்டும் திறக்கவே மாட்டார். மூன்றாம் மாடியில், கடைசியாக, கேரட் மேடம்.

கேரட் மேடம் என்பது நான் வைத்த பெயர் இல்லை. வைத்தது நானாகவே இருந்தாலும், அதைக் கூப்பிட்டுப் பரப்பியது மற்றவர்கள்தான். மேடம் உணவு ஆலோசகர். எடை குறைக்க, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க, கொழுப்பை இறக்க என்று எதற்கும் வழி சொல்வார். பல வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர். அங்கே நாளைக்கு நூறு பேருக்கு அச்சடித்த தாளை நீட்டியதோடு சரி, ஒரு முகமும் நினைவில் நிற்கவில்லையாம். அதை விட்டுவிட்டு வந்து, எங்கள் கட்டடத் தரைத்தளத்தில் காலியாகக் கிடந்த அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் எடை மெஷின், ஒரு பதிவேடு வைத்துத் தனியாக ஆரம்பித்தார். ஆளுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசவேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த அறை என் வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் என் வலது கண்ணுக்கு லிஃப்ட், இடது கண்ணுக்கு மேடத்தின் அறை. கடவுள் இரண்டு கண் கொடுத்தது வீண் போகவில்லை.

குடியிருப்போர் சங்கம் அந்த அறையை மூன்று மாதச் சோதனைக்குத்தான் கொடுத்திருந்தது. மூன்றாம் மாதக் கடைசிக்குள் பதிவேட்டில் நம் கட்டடத்து ஆட்கள் ஆறு பேராவது பெயர் எழுதியிருக்கவேண்டும். இல்லையென்றால் அறை பார்சல் வைக்கும் இடமாகிவிடும். சங்கத்தின் செயலாளர் என் வீட்டுக்காரர்தான். அதனால் எனக்கு எல்லாம் சூடு ஆறாமல் தெரியும். இரண்டரை மாதம் ஓடியும் பதிவேட்டில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. வெளியாட்கள் நாலைந்து பேர் வந்தார்கள், அவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள்.

"பாவம்ங்க, யாருமே எட்டிப் பாக்கலையே?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? விதின்னா விதி" என்று சொல்லிவிட்டு அவர் மொட்டை மாடிக்குக் கிளம்பினார். கொஞ்ச நாளாக அவருக்குத் தண்ணீர்த் தொட்டிமேல் திடீர்ப் பாசம். மாலையானால் இரண்டு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அதுவும் படியேறி. கேட்டால், செயலாளருக்குப் பொறுப்பு வேண்டாமா என்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் லிஃப்ட் கத்தியது.

அதற்குப் பாரம் அதிகமானால் 'கீய்ங்' என்று ஓர் அலறல் உண்டு. உள்ளே ஒரு தகட்டில் 'ஆறு பேர் அல்லது நானூறு கிலோ' என்று பொறித்திருக்கிறது. ஐந்து பேர் ஏறி அது கத்தியதாக இதுவரை சரித்திரம் இல்லை. அன்றைக்கு எட்டுப் பத்துக்கு மூன்றாம் மாடியிலிருந்து அலறல் கேட்டது. அப்புறம் அமைதி. லிஃப்ட் கீழே வந்து திறந்தால் நாலு பேர்தான் வெளியே வந்தார்கள். மேடம் படியிறங்கி வந்தார்.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம். லிஃப்ட் கத்தினால் கடைசியாக ஏறியவர் இறங்கிக்கொள்ளவேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோரும் கடைப்பிடிப்பார்கள். ஏழாம் மாடியிலிருந்து வருகிற லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரர்தானே கடைசி? மறுநாளும் மேடம் காலை வைத்தார், லிஃப்ட் கத்தியது, மேடம் இறங்கினார். அதற்கடுத்த நாளும் அதேதான்.

மேடம் கொஞ்சம் பூசினாற்போல்தான் இருப்பார். தினம் விடியலில் ஒரு மணி நேரம் வேகநடை போகிறவர். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கிடையாது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் கண்ணுக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரிகிறது. நான் படி துடைக்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். தபால்காரரிடம் அதே வார்த்தையைச் சொன்னேன். இரண்டே பேர். "மேடம் ஏறினா மட்டும் லிஃப்ட் கத்துது, கவனிச்சீங்களா?"

அது நான்காம் மாடிக்குப் போகும்போது, "மேடத்துக்கு ஒரே மாசத்துல பத்து கிலோ ஏறிடுச்சாம்" என்றானது. ஏழாம் மாடியைத் தொட்டபோது, "அவங்க சொல்ற டயட்டாலதான் ஏறுச்சாம்" என்றானது. பக்கத்துத் தெரு சுற்றி என்னிடமே திரும்பி வந்தபோது லிஃப்ட் கயிறே அறுந்துபோயிருந்தது.

ஒரு வாரத்தில் மேடம் என் வாசலில் வந்து நின்றார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். சிரித்துக்கொண்டே வந்தார்.

"அக்கா, லிஃப்ட் கயிறு அறுந்து விழுந்துச்சாமே, எனக்கு எங்கயும் அடிபடலையேன்னு ரெண்டு பேர் போன் பண்ணி விசாரிச்சாங்க."

"அய்யய்யோ, யாரு இப்படியெல்லாம் கதை கட்டுறது?" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் மெலிதாகக் கேட்டது.

"தெரியலக்கா. வெளியிலேருந்து வந்துட்டிருந்தவங்கள்ல மூணு பேர் இனிமே வரலைன்னுட்டாங்க. லிஃப்டுக்கே தாங்கலைன்னா எங்களுக்கு எப்படின்னு ஒருத்தர் கேக்குறாரு." சிரிப்பு மெல்ல வடிந்தது. "திங்கக்கிழமையோட மாசம் முடியுது. இந்த அறை போச்சுன்னா மறுபடியும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். தாள் நீட்டுற வேலை."

நான் அவருக்கு டீ கொடுத்தேன். சர்க்கரை போடாமல். வேறு என்ன செய்ய? குற்ற உணர்ச்சி வந்தால் எனக்கு டீ போடத்தான் தெரியும்.

திங்கட்கிழமை வந்தது. மாலை ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம். பார்சல் வைக்க இரும்பு அலமாரிகூட விலை விசாரித்தாகிவிட்டது. காலை எட்டுப் பத்துக்கு வழக்கம்போல் மேலே 'கீய்ங்'. ஆனால் இந்தத் தடவை அலறல் நிற்கவில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். மூன்று மாடி ஏறினேன். வருடக்கணக்கில் நான் ஏறாத படிகள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் மூச்சு என்னை முந்திக்கொண்டு போனது. ஆனாலும் விஷயம் அங்கே இருக்கும்போது கால் கீழே நிற்குமா?

மூன்றாம் மாடியில் லிஃப்ட் வாயைப் பிளந்துகொண்டு கத்திக்கொண்டிருந்தது. உள்ளே ஐந்து பேர். மேடம் நடுவில், கையைக் கட்டிக்கொண்டு.

"இன்னைக்கு நான் இறங்க மாட்டேன்."

"மேடம், எனக்கு எட்டரைக்கு பஸ் எடுக்கணும்" என்றார் டிரைவர் அண்ணன். "கடைசியா ஏறினவங்க இறங்கணும்னு ஒரு இது இருக்குல்ல?"

"கடைசியா ஏறினவதான் கனமா? அப்போ முதல்ல ஏறின நீங்க காத்தடைச்ச பலூனா?"

பேக்கரி அக்கா களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார். கணக்கு சார் தொண்டையைக் கனைத்தார். "மேடம் சொல்றதுல நியாயம் இருக்கு. கூட்டல்ல எந்த எண்ணைக் கடைசியா எழுதினாலும் விடை ஒண்ணுதான்."

"அப்போ நீங்க இறங்குங்க சார்."

"நானா? நான் அம்பத்தேழு கிலோ. நான் இறங்கி என்ன பிரயோஜனம்?" என்று அவர் இன்னும் ஓரமாக ஒண்டிக்கொண்டார். அப்போது அவர் பையிலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம். புத்தகம் அப்படிச் சத்தம் போடாது.

மேடத்தின் காது கூர்மை. அவர் பையைப் பார்த்தார். அப்புறம் டிரைவர் அண்ணன் காலடியைப் பார்த்தார். பேக்கரி அக்கா தோளில் தொங்கிய மூட்டையையும், பல் டாக்டர் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டிருந்த சாக்குப் பையையும் பார்த்தார்.

"எல்லாரும் பையை மட்டும் வெளியில வைங்க."

ஒருவரும் அசையவில்லை. லிஃப்ட் மட்டும் விடாமல் கத்தியது.

"பையில எல்லாம் சொந்த விஷயம் மேடம்" என்றார் பேக்கரி அக்கா.

"நான் திறந்து பாக்கப் போறதில்லக்கா. வெளியில வெச்சா போதும். இதோ, என் பையும்."

மேடம் தன் பையை வெளியே வைத்தார். டிரைவர் அண்ணன் வேண்டாவெறுப்பாக இரண்டு பிளாஸ்டிக் கேன்களை இழுத்து வைத்தார். கணக்கு சார் பையை வைத்தபோது தரை அதிர்ந்தது. பேக்கரி அக்காவின் மூட்டை அதற்கு மேல் அதிர்ந்தது. பல் டாக்டர் மட்டும் குனிந்தவர் நிமிர்வதற்குள் சாக்குப் பை கவிழ்ந்து, அதிலிருந்து ஒரு முழுத் தர்பூசணி உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

லிஃப்ட் கப்சிப் ஆனது.

ஐந்து பேரும் உள்ளேதான் நின்றார்கள். இறங்கியது பைகள் மட்டும். (ஆறாவதாக நானும் ஏறிப் பார்த்திருக்கலாம். ஆனால் விஷப் பரீட்சை எதற்கு?)

"டாக்டர்" என்றேன், தர்பூசணியைத் தூக்கிக்கொண்டு. அப்பப்பா, என்ன கனம்! "இதைத் தினம் கொண்டு போறீங்களா?"

பல் டாக்டர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "சாயங்காலம் கேக் சாப்பிடற பழக்கம். அதுக்குப் பதில் பழம் சாப்பிடுங்கன்னு சொன்னாங்க. நான் மட்டும் சாப்பிட்டா கிளினிக்ல எல்லாரும் பாப்பாங்க. அதான் எல்லாருக்கும் சேர்த்து."

"யாரு சொன்னாங்க?"

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் விட்டத்தைப் பார்த்தார்.

அப்புறம் அணை உடைந்தது. டிரைவர் அண்ணனுக்கு, குளிர்பானத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தாராம். "எனக்கு அஞ்சு லிட்டர், கண்டக்டருக்கு அஞ்சு லிட்டர். அவன் மட்டும் பக்கத்துல கலர் குடிச்சா எனக்கு மனசு கேக்காது மேடம்." கணக்கு சாருக்கு, உடம்பில் தெம்பு ஏறக் கொஞ்சம் எடை தூக்கிப் பழகச் சொல்லியிருந்தாராம். வீட்டில் தூக்கினால் மனைவி கேலி செய்வார் என்று ஐந்து கிலோ டம்பெல் இரண்டைப் பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டு போய், மதிய இடைவேளையில் வரைபட அறைக்குள் தூக்கிவிட்டு மாலையில் திரும்பக் கொண்டு வருகிறார்.

"அங்கயே வெச்சுட்டு வரலாமே சார்?" என்றேன்.

சார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அது தோணலை" என்றார்.

பேக்கரி அக்காவின் மூட்டையில் இருந்தது தராசு. சாதாரணத் தராசு இல்லை. கடையில் மாவு நிறுக்கும் இரும்புத் தராசும் எடைக்கற்களும். "அளந்து சாப்பிடுங்கன்னாங்க. எனக்கு என் தராசுமேலதான் நம்பிக்கை. கடையில மதியம், வீட்டுல ராத்திரி, ரெண்டு நேரமும் வேணும்ல?"

"நான் ஒரு கிண்ணத்தால அளக்கச் சொன்னேன்க்கா" என்றார் மேடம், அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு.

"கிண்ணத்துக்கெல்லாம் முத்திரை ஏதும்மா?"

மேடத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. லிஃப்ட் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். டிரைவர் அண்ணனும் சேர்ந்துகொண்டார். பொத்தான் ஒன்று தெறிக்கும் என்று நான் ஒதுங்கி நின்றேன். தெறிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், சட்டை தொளதொளவென்று இருந்தது. பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டிருந்தார். இதை எப்படி நான் தவறவிட்டேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டு வாரமாக என் கண் முழுக்க மேடத்தின் இடுப்பில்தானே இருந்தது?

எல்லாவற்றையும் கீழே கொண்டு வந்து, மேடத்தின் எடை மெஷினில் வைத்துப் பார்த்தோம். கேன்கள் பத்து கிலோ. டம்பெல் பத்து. தராசு ஒன்பது. தர்பூசணி ஏழு. மேடத்தின் பையில், எந்தக் குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் கண்ணாடிப் புட்டிகள் ஐந்து கிலோ. ஆக மொத்தம் நாற்பத்தொன்று. ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக மெஷினில் ஏறி இறங்கினார்கள். தனித்தனியாகச் சொல்லமாட்டேன், எனக்கும் பண்பு உண்டு. கூட்டினால் முந்நூற்று அறுபத்தாறு. கணக்கு சார் கூட்டினார். "முந்நூத்தி அறுபத்தாறும் நாப்பத்தொண்ணும் நானூத்தி ஏழு. ஏழு கிலோவுக்காகத்தான் லிஃப்ட் கத்தியிருக்கு. அதாவது தர்பூசணிக்கு."

பல் டாக்டர் மறுபடியும் வாயை மூடிக்கொண்டார்.

"இருங்க" என்றேன் நான். "நீங்க நாலு பேரும் மேடம் சொல்றதைத்தானே கேட்டிருக்கீங்க? அப்போ பதிவேட்டுல ஏன் ஒரு பேரும் இல்லை? எங்க வெச்சுக் கேட்டீங்க?"

"மேடம் வீட்டு வாசல்ல" என்றார் டிரைவர் அண்ணன்.

"படிக்கட்டுல" என்றார் பேக்கரி அக்கா.

"போன்ல" என்றார் சார்.

"பல் புடுங்கும்போது" என்றார் டாக்டர். "அவங்களுக்கு."

"பேர் எழுதவேண்டாம்னு ஒவ்வொருத்தரும் கேட்டுக்கிட்டாங்க" என்றார் மேடம். "அதான் எழுதலை."

"இந்த அறை போகும்னு தெரிஞ்சுமா?"

"சொல்லமாட்டேன்னு சொல்லிட்டேனே அக்கா."

எனக்கு அந்தப் பதில் சரியாகப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. நாலு பேர் ரகசியம் வயிற்றில் இருந்தும் ஒரு மனுஷிக்கு நெஞ்சு கரிக்கவில்லையா?

"சரி, அறை இங்க இருக்கு, நாற்காலி இருக்கு. இங்கேயே வந்து கேக்க என்ன கூச்சம்?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அறை வாசல் வழியாக, வெளியே காலியாகக் கிடந்த என் நாற்காலியைப் பார்த்தார்கள்.

நான் திருதிருவென்று விழித்தேன்.

"தப்பா நினைக்காதீங்கக்கா" என்றார் பேக்கரி அக்கா. "இந்த அறைக்குள்ள காலை வெச்சா, என் எடை நான் மேல போறதுக்குள்ள ஏழாவது மாடிக்குப் போயிடும்."

"அஞ்சு கிலோ சேர்த்தும் போகும்" என்றார் டிரைவர் அண்ணன்.

வெளியே போய் அந்த நாற்காலியை எடுத்து, வாசலுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். திரும்பி வந்தபோது டிரைவர் அண்ணன் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்து பேக்கரி அக்கா, சார், டாக்டர். பெயர், மாடி, எடை, கையெழுத்து.

"நாலுதான் ஆச்சு" என்றார் சார். "இன்னும் ரெண்டு வேணும்."

அப்போது படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு செருமல். என் வீட்டுக்காரர். மாலை வரைக்கும் காத்திருக்கமுடியாத ஏதோ கோளாறு தண்ணீர்த் தொட்டிக்கு வந்துவிட்டதாம்; மேலே போய் வந்த வேர்வை நெற்றியில் வழிந்தது. கூடவே அசடும் வழிந்தது.

"அஞ்சாவது என் பேரு" என்றார்.

"நீங்களுமா? அப்போ தொட்டி?"

"தொட்டி நல்லாத்தான் இருக்கு. தினம் படியேறுங்கன்னு மேடம்தான் சொன்னாங்க. உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. அதான்..."

"கட்டின பொண்டாட்டிகிட்டயே மறைச்சீங்களா?"

"கட்டின பொண்டாட்டிங்கறதாலதான் மறைச்சேன்" என்றார். அறையே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் அசிங்கம்.

இன்னும் ஒரு பெயர். டிரைவர் அண்ணனின் பஸ் எப்போதோ கிளம்பியிருக்கவேண்டும். ஆனாலும் அவர் நகரவில்லை. எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். மேடம் மட்டும் பார்க்கவில்லை. சர்க்கரைப் புட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிடக் கூடாதே என்ற கவனம் அவர் முதுகிலேயே தெரிந்தது. கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

செருப்பைக் கழற்றினேன். வளையலைக் கழற்றினேன். காதில் கிடந்ததையும் கழற்றினேன். "அக்கா, அது நாலு கிராம்கூட வராது" என்றார் பேக்கரி அக்கா, தராசுக்காரர் அல்லவா. மெஷினில் ஏறினேன். எண்கள் ஓடின, ஓடின, நிற்காமல் ஓடின. நின்றபோது அதை ஆறு ஜோடிக் கண்கள் பார்த்தன. இத்தனை வருடம் நான் ஊரைப் பார்த்த பார்வையை, ஊர் ஒரே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டது.

பதிவேட்டில் பெயர் எழுதினேன். எடைக் கட்டத்தில் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது ஒண்ணா, ஏழா அக்கா?"

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ வெச்சுக்கோங்க."

மேடம் ஏழு என்று திருத்திக்கொண்டார். தொழில் சுத்தம்.

அன்று மாலைக் கூட்டத்தில் அறை மேடத்துக்கே என்று முடிவானது. அலமாரிக்காரருக்கு என் வீட்டுக்காரர் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது எட்டுப் பத்து லிஃப்ட் கத்துவதில்லை. டம்பெல் பள்ளிக்கூடத்திலேயே தங்கிவிட்டது. பேக்கரி அக்கா கிண்ணத்துக்கு இறங்கி வந்துவிட்டார். தர்பூசணி துண்டுகளாகத்தான் பயணம் செய்கிறது. மேடத்தின் அறையில் இரண்டு நாற்காலி போதாமல் நாலு போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. கேள்விதான், நான் பார்க்கவில்லை. நான் மாலையில் தொட்டி பார்க்கப் போய்விடுகிறேன், வீட்டுக்காரரோடு. ஐந்தாம் மாடி வரைக்கும் மூச்சு என்னோடுதான் வருகிறது.

காலையில் மட்டும் பழையபடி நாற்காலி போட்டு உட்காருகிறேன், சுவரைப் பார்த்து. வெறும் சுவரையே எவ்வளவு நேரம் பார்ப்பது? அதனால் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறேன், தலை வாரிக்கொள்ள. அதில் மேடத்தின் அறை தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆணியை நாலு தடவை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துவிட்டேன். லிஃப்ட் மட்டும்தான் தெரிகிறது.